பந்தைத் தேடி வந்த வளையம்

“சரி, பந்து உள்ள விழலைன்னா?”

மெல்சோர் இதைக் கேட்டிருக்கக் கூடாது. வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் தான் கேட்டது ஒரு கேள்வி என்றே அவனுக்கு உறைத்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முள்கரண்டியில் சுற்றிய பன்சித் நூடுல்ஸை அப்படியே தட்டில் இறக்கி வைத்தார்கள். ஒருவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இன்னொருவர் மின்விசிறியை நிறுத்தினார், அது ஏதோ போய்ச் சொல்லிவிடும் என்பதுபோல.

தலிபோங் மாகாண மாளிகையின் மாடியில் கூடியிருந்தது முதல் பந்துக் குழு. மாகாணத்துக்கென்று சொந்தமாக ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி பிறக்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் திறப்பு விழா, அதை ஒட்டியே முதல் ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன் கவர்னர் பலிங்கித் களத்துக்குள் வந்து முதல் பந்தை வளையத்துக்குள் போடுவார். பிலிப்பைன்ஸில் முட்டுச்சந்துப் போட்டியாக இருந்தாலும் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒரு பந்து போடாமல் தொடங்காது. நிகழ்ச்சி நிரலில் ‘போடுவார்’ என்று அச்சாகிவிட்டது. ‘போட்டுப் பார்ப்பார்’ என்று அச்சாகவில்லை.

குழுத் தலைவி அட்டர்னி லகும்பாய் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். இங்கே வக்கீலுக்குப் படித்துவிட்டால் சாகும்வரை பெயருக்கு முன்னால் அட்டர்னி. அவர் வீட்டு நாய்க்கும் அது தெரியும்.

“விழலைன்னாங்கற நிலைமையே கிடையாது தம்பி. அப்பா பந்து போட்டு அது விழாம போனதை இந்த மாகாணம் பார்த்ததே இல்ல.”

“அவர் இதுவரைக்கும் பந்தே போட்டதில்லையே மேடம்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

‘அப்பா’ என்றால் கவர்னர்தான். அவர் எல்லாரையும் ‘மகனே’ என்பார், எல்லாரும் அவரை ‘அப்பா’ என்பார்கள். அணிக்குப் பெயர் வைக்க மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், மக்கள் மீன் பெயர், புயல் பெயர், எரிமலைப் பெயர் எல்லாம் எழுதிப் போட்டார்கள், கடைசியில் ‘தலிபோங் அப்பாவின் பிள்ளைகள்’ என்று மக்களே விரும்பியதாக அறிவித்தார்கள்.

பிறகு அட்டர்னி முறைப்படி முடிவைச் சொன்னார். சந்தேகம் யாருக்கு வந்ததோ பொறுப்பும் அவருக்கே. பந்து விழவேண்டிய வேலையை இனி மெல்சோர் பார்த்துக்கொள்வான். எல்லாரும் நிம்மதியாக மறுபடி முள்கரண்டியைக் கையில் எடுத்தார்கள். யாரோ ஒருவர் தன் தட்டிலிருந்த இறாலை எடுத்து மெல்சோர் தட்டில் வைத்தார். தூக்குக்குப் போகிறவனுக்கு வைப்பதுபோல இருந்தது.

மெல்சோர் கூடைப்பந்துக்காரன் இல்லை. மாளிகையில் ப்ளெக்ஸ் வடிவமைக்கிற ஒப்பந்த ஊழியன். பாலம் திறந்தால் கவர்னர் முகம், பள்ளிக்கூடம் திறந்தால் கவர்னர் முகம், புயல் எச்சரிக்கை என்றாலும் கவர்னர் முகம்தான், சிரிப்பை மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டும். அணிக்கான சட்டையையும் அவன்தான் வடிவமைத்தான். நெஞ்சில் கவர்னர் முகம். முதுகில் ஆட்டக்காரர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘பலிங்கித்’. எண் எல்லாருக்கும் ஒன்று. வாக்குச்சீட்டில் அவர் பெயருக்கு எப்போதும் ஒன்றாம் எண்தான் கிடைக்கும், அப்பாவின் பிள்ளை ஒருவன் இரண்டாம் எண்ணோடு எப்படி ஓடுவான் என்று அட்டர்னி கேட்டார். அவன் எல்லாச் சட்டையிலும் ஒன்றையே போட்டான்.

அவன் பயந்தது சும்மா இல்லை. பெர்தித்தோ அண்ணனுக்கு என்ன ஆனது என்று மாளிகையில் எல்லாருக்கும் தெரியும்.

பெர்தித்தோ கத்தரிக்கோல் பொறுப்பாளராக இருந்தவர். மீன்சந்தைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டவில்லை. கவர்னர் வெட்டினார், இழுத்தார், கடைசியில் பல்லால் கடித்தார், ரிப்பன் அறுந்த வேகத்தில் ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்தார். கூட்டம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கூட்டம் பட்ட பாடுதான் கவர்னருக்குக் கேட்டுவிட்டது. மறுநாளே பெர்தித்தோவுக்கு மரோக்பொக் தீவுக்கு மாற்றல். வேலை, கலங்கரை விளக்கு மேற்பார்வை. அந்த விளக்கு அணைந்து பல வருஷம். படகு அதற்குத் தோன்றும்போது வரும். தீவில் நர்ஸ் கிடையாது, மருத்துவச்சி கிடையாது. மெல்சோரின் மனைவி மரிவிக்குக்கு நிறைமாதம்.

“உன்னையும் அங்க போட்டுட்டா நான் எங்கடா பெத்துக்கிறது, விளக்குக் கம்பத்துலயா?” என்று மரிவிக் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கை வயிற்றை விட்டு எடுபடவில்லை.

அன்றிலிருந்து மெல்சோர் வட்டமாக எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தட்டு, கிணறு, வாளி, சைக்கிள் சக்கரம். எல்லாமே ஏதோ ஒன்று உள்ளே விழக் காத்திருந்து, விழாமல் போன மாதிரி அவனைப் பார்த்தன.

முதலில் அவன் நினைத்தது எளிய வழி. கவர்னர் ஒருமுறை வந்து பழகிப் பார்க்கலாமே. இதை அட்டர்னியிடம் சொன்னபோது அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பழகச் சொன்னால் என்ன அர்த்தம், பழகாமல் வராது என்று அர்த்தம், அதை அப்பாவிடம் போய்ச் சொல்வது யார், நீயா? மெல்சோர் இல்லை என்றான். அப்படியானால் அந்த யோசனையே எழவில்லை என்று குறித்துக்கொள்வோம் என்றார் அட்டர்னி.

ஆகவே கவர்னர் எப்படி எறிவார் என்று அவருக்கே தெரியாமல் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மெல்சோர் ஊர்வலத்தில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினான். கவர்னர் மேலே நின்று கூட்டத்துக்கு மிட்டாய் வீசினார். வலது பக்கக் குழந்தைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீசினார், மிட்டாய் எல்லாம் இடது பக்கச் சாக்கடையில் விழுந்தது. இடது பக்கத்துக் குழந்தைகளுக்கு இது பழகிப்போய், அவர்கள் சாக்கடைக்குப் பக்கத்திலேயே தயாராக நின்றார்கள். 

அடுத்து, கவர்னரின் உயரமும் தொப்பையும் உள்ள ஓர் ஆளைத் தேடினார்கள். விவசாயத் துறைத் தலைவர் பொருந்தினார். அரங்கத்தைப் பூட்டிவிட்டு அவரை எறிய வைத்தார்கள். காலையிலிருந்து மதியம்வரை எறிந்தார். ஒரு பந்து வளையத்தின் அடியில் தொங்கும் வலையை லேசாகத் தொட்டது, அதற்கே எல்லாரும் எழுந்து நின்றார்கள். பிறகு அவர் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போகும்போது, இந்த விஷயத்தில் என் பேர் எங்கேயும் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இங்கே ஒவ்வொரு அணிக்கு முன்னாலும் கவுன் போட்டு நடக்க ஓர் அழகி உண்டு. அந்த அணியழகிக்குக் கவுன் தைக்கத் தனியாக ஒரு குழு இருந்தது, அந்தக் குழுவும் அன்று வந்து பார்த்துவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போய்விட்டது.

விடையைக் கண்டுபிடித்தவர் எஞ்சினியர் தபோரா. மாகாணத்தின் எல்லாப் பாலங்களும் அவர் கட்டியவை. அவற்றில் ஒன்று ஆறு இல்லாத இடத்தில் இருக்கிறது.

“பந்தை ரிங்குக்கு அனுப்பணும்னு ஏன் தம்பி நினைக்கிற? ரிங்கைப் பந்துகிட்ட அனுப்புவோம்.”

அதாவது, வளையத்தை அகலமாக்குவது, கொஞ்சம் கீழே இறக்குவது. அண்டா வாய் அளவுக்கு ஒரு புது வளையம் செய்வது. அரங்கத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் போதும், கவர்னர் ஒரே ஒரு பந்துதானே போடப் போகிறார். போட்டு முடித்ததும் அணிகளின் அழகிகள் அணிவகுத்து வருவார்கள், அந்த நேரத்தில் முழு அரங்கமும் அவர்களைத்தான் பார்க்கும். அதற்குள் பெரிய ப்ளெக்ஸ் ஒன்றை மறைப்பாக ஏற்றிப் பழைய வளையத்தை மாட்டிவிடலாம்.

அட்டர்னி உடனே எழுந்து பேசினார். கேட்பதற்குக் குழு மட்டும்தான் இருந்தது, ஆனாலும் மேடையில் பேசுவதுபோலவே பேசினார். “ரிங்கை நாம பெருசாக்கல. அதைச் சொல்லாதீங்க. இத்தனை நாளா சின்னதா இருந்த ஒண்ணை மக்களோட நம்பிக்கையோட அளவுக்குக் கொண்டு வரோம். பெரிய தலைவருக்குச் சின்ன ரிங்கை வச்சது யாரு? முந்தின ஆட்சி.”

எல்லாரும் கைதட்டினார்கள். மெல்சோரும் தட்டினான். ஏதோ ஒன்று விடுபட்டுவிட்டது என்று அவனுக்குள் சின்னதாக ஒரு குரல் முனகிக்கொண்டே இருந்தது. என்னவென்று தெரியவில்லை. இன்னொரு கேள்வி கேட்டால் இன்னொரு பொறுப்பு வரும் என்று மட்டும் தெரிந்தது. இன்னும் பலமாகக் கைதட்டினான்.

ஞாயிறு வந்தது. அரங்கத்துக்கு வெளியே முழுப் பன்றிகளைக் கம்பியில் கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருக்கை கிடைக்காதவர்கள் இருக்கை கிடைத்தவர்களின் மடியில் உட்கார்ந்திருந்தார்கள். மரிவிக் வரவே கூடாது என்று சொல்லியிருந்தான், அவள் மூன்றாவது வரிசையில் வேகவைத்த நிலக்கடலையோடு உட்கார்ந்து கையாட்டினாள்.

பிரார்த்தனை நடந்தது. நாட்டுப் பண், மாகாணப் பண், அணிப் பண் எல்லாம் பாடப்பட்டன. மூன்றாவது பாட்டில் ‘அப்பா’ என்கிற சொல்லைத் தவிர வேறு சொல் இருந்ததாக மெல்சோருக்கு நினைவில்லை. பிறகு பிஷப் வந்து பந்தை ஆசீர்வதித்தார். தாராள மனசுக்காரர். புனித நீரைத் தெளிப்பதற்குப் பதிலாகக் கவிழ்த்தே விட்டார்.

பந்து சொட்டச் சொட்டக் கவர்னர் கைக்குப் போனது.

இதை யாரும் யோசிக்கவில்லை. மெல்சோர் தூணைப் பிடித்துக்கொண்டான். ஈரப் பந்து வழுக்கும், வழுக்கினால் வளையம் குளம் அளவுக்கு இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவன் கண்ணுக்கு முன்னால் மரோக்பொக் தீவு தெரிந்தது. அணைந்த விளக்கு தெரிந்தது. விளக்கின் படிக்கட்டில் மரிவிக் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கவர்னர் இரண்டு கையாலும் பந்தைத் தொடைக்கு நடுவே கொண்டுபோய், வாளித் தண்ணீரை வாசலில் வீசுவதுபோல வீசினார். பந்து வழுக்கிக்கொண்டு இடது பக்கம் போனது. பலகையின் ஓரத்தில் பட்டது. வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. அந்த விளிம்பு நீளமான விளிம்பு, பந்து அதன்மேல் மெதுவாக, கோயில் தேர் திரும்புகிற மாதிரி சுற்றிவந்தது.  பிறகு, வேறு போக்கிடம் இல்லாமல், உள்ளே விழுந்தது.

மெல்சோர் தரையில் உட்கார்ந்துவிட்டான்.  கூரை அதிர்ந்தது, மேளம் அதிர்ந்தது, எஞ்சினியர் தபோரா அழுதார். பாலம் கட்டியபோதுகூட அவர் அழுததில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். கவர்னர் ஒலிபெருக்கியை வாங்காமல் இருந்திருந்தால்.

“மகனுங்களே, மகளுங்களே. எனக்கு எழுபது வயசு. இதுவரைக்கும் நான் பந்தைத் தொட்டதே இல்ல. தொட்டேன், விழுந்துருச்சு. இது பயிற்சியா? இல்ல. இது இரத்தம். ரோடு போடத் தெரிஞ்சா நான் ரோடு போட்டேன்? இல்ல. ஆஸ்பத்திரி கட்டத் தெரிஞ்சா கட்டினேன்? எதுவுமே தெரியாமத்தான் இத்தனையும் செஞ்சிருக்கேன். இந்த ரிங்கு இன்னைலேருந்து மாகாணத்தோட சொத்து. இதை யாரும் தொடக் கூடாது, கழட்டக் கூடாது. இதுலதான் நம்ம பிள்ளைங்க விளையாடணும்.”

அப்படியே மல்லிகை மாலை ஒன்றை வாங்கி, ஏணி போட்டு ஏறி, வளையத்தில் மாட்டினார். ஏணியில் நிற்கும்போது அவர் தலை வளையத்துக்குள் தோளோடு போய் வெளியே வந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கீழே நின்ற மாகாண போலீஸ் தலைவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். மறைப்புக்காகச் செய்த ப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு இரண்டு பேர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள்.

அணியழகிகள் வந்தார்கள், போனார்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. எல்லாரும் வளையத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எதிரணி சந்தோல் நகரத்திலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் வழுக்கைத் தலை, அமைதியான மனுஷன். நடுவரிடம் போய், ரிங் கொஞ்சம் வித்தியாசமா இருக்கே என்றார். நடுவர் தலிபோங் ஆள், தம்பி மாளிகையில் வேலை பார்க்கிறான். வெளிச்சத்தில் அப்படித் தெரியும் என்றார். பயிற்சியாளர் வளையத்தைப் பார்த்தார், போலீஸ் தலைவரைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தார்.

முதல் பாதியில் மாலை போட்ட வளையம் அப்பாவின் பிள்ளைகளுக்கு. அவர்கள் எப்படிப் போட்டாலும் விழுந்தது. நின்று போட்டார்கள், விழுந்தது. தடுக்கி விழும்போது போட்டார்கள், விழுந்தது. ஒருவன் இன்னொருவனுக்கு எறிந்த பந்து வழிதவறிப் போய் விழுந்தது. ஆட்ட விதியை மீறித் தவறு செய்தால் மட்டும்தான் சிக்கல். எல்லார் முதுகிலும் பலிங்கித் என்றிருந்ததால் ‘பலிங்கித் தவறு செய்தார்’ என்று ஒலிபெருக்கியில் சொல்ல முடியாது. அறிவிப்பாளர் வியர்த்துப்போய், ‘எதிரணியின் கை அப்பாவின் பிள்ளைமீது மோத நேர்ந்த சூழ்நிலை’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரே ஆடிக்கொண்டிருந்தது. கவர்னர் மேடையில் ஆடிக்கொண்டிருந்தார். மெல்சோரும் மெல்ல எழுந்து நின்று சிரிக்கப் பார்த்தான். அப்போதுதான் சந்தோல் பயிற்சியாளரைக் கவனித்தான்.

ஏகத்துக்குத் தோற்றுக்கொண்டிருக்கிற அணியின் பயிற்சியாளர். அவர் கத்தவில்லை. கடலை உரித்தபடி கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாலை போட்ட வளையத்தைப் பார்த்தார். பிறகு, கல்யாணப் பந்தி எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பவர்போல, லேசாகப் புன்னகை செய்தார்.

இவர் ஏன் சிரிக்கிறார்?

முனகிக்கொண்டே இருந்த குரல் இப்போது தெளிவாகப் பேசியது.  இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்.

தலிபோங்கில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடக் கூடைப்பந்து தெரியும். அட்டர்னி ஆடியிருக்கிறார், எஞ்சினியர் ஆடியிருக்கிறார், பிஷப்பே செமினரியில் ஆடியவர். ஆனால் எல்லாரும் ஆடியது தெருவில். தெருவில் தென்னை மரத்தில் ஆணி அடித்து ஒரு வளையம் இருக்கும். ஒன்றே ஒன்று. இரண்டு அணியும் அந்த ஒன்றில்தான் போடும். பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே மாறுவதற்கு. குழுவில் இருந்த ஒருவர் மண்டையிலும் இது தட்டவில்லை, ஏனென்றால் அரங்கத்தில் இரண்டு வளையத்தைப் பார்த்தாலும் ஒவ்வொருவர் மண்டையிலும் இருந்தது தெருவின் அந்த ஒற்றை வளையம்தான்.

இடைவேளை மணி அடித்தது.

பார்வையாளர் படிகளுக்கு அடியில், சோளப்பொரி இயந்திரத்துக்குப் பக்கத்தில் குழு கூடியது. மெல்சோர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சினியர் தபோரா ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். வளையத்தை இப்போது கழற்றலாமா? மாகாணச் சொத்து, தொடக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தலாமா? நிறுத்தினால் அப்பா காற்றாடி இல்லாமல் கோபப்படுவார். இந்த நேரத்தில் அட்டர்னிக்கு ஒன்று தோன்றியது. மாகாண சபை உறுப்பினர்கள் எல்லாரும் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கூப்பிட்டார். கையில் சுட்ட பன்றித் தோலோடு அவர்கள் வந்தார்கள். சோளப்பொரி பொரிகிற சத்தத்துக்கு நடுவே அவசரச் சட்டம் ஒன்று நிறைவேறியது. தலிபோங் மாகாண எல்லைக்குள் எந்த விளையாட்டிலும் யாரும் பக்கம் மாறக் கூடாது. உறுப்பினர்களில் ஒருவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார், அவர் கட்சி மாறுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரம். விளையாட்டுக்கு மட்டும்தான் என்று உறுதி கொடுத்த பிறகு கை தூக்கினார்.

சந்தோல் பயிற்சியாளர் சட்டத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சரி, அப்படியானால் நாங்கள் பஸ் ஏறுகிறோம், ஏன் ஏறுகிறோம் என்று டிவிக்காரர்கள் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறோம் என்றார்.

அப்போது கவர்னர் உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது, முகம் பூரித்திருந்தது.

“என்ன மகனே, ஏதாவது பிரச்சினையா?”

அவர் கேட்டது மெல்சோரைப் பார்த்து. மெல்சோர் வாயைத் திறந்தான். பக்கம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வளையம் என்ன அளவு என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பந்து எப்படி விழுந்தது என்று சொல்ல வேண்டும். அட்டர்னி தரையைப் பார்த்தார். எஞ்சினியர் கூரையைப் பார்த்தார். சோளப்பொரி இயந்திரம்கூட நின்றுவிட்டது.

“ஒண்ணுமில்லப்பா,” என்றான் மெல்சோர். “பக்கம் மாறப் போறாங்க.”

“மாறட்டுமே. நானும் இறங்கறேன்.”

மேல்சட்டையைக் கழற்றினார். உள்ளே அணிச் சட்டை. பலிங்கித், எண் ஒன்று. நெஞ்சில் அவர் முகம் சிரித்தது, அதற்கு மேலே இருந்த முகமும் சிரித்தது.

இரண்டாம் பாதியில் சந்தோல்காரர்கள் மாலை போட்ட வளையத்தில் போட ஆரம்பித்தார்கள். முதல் பாதியில் போட்ட மொத்தமும் கொஞ்ச நேரத்தில் கரைந்தது. பிறகு பந்து எப்படியோ கவர்னர் கைக்கு வந்தது. அவர் கைக்குப் பந்து வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள், அவர் பிள்ளைகள், எதிராளிகள், நடுவர் எல்லாரும். கவர்னர் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் சின்னதாக ஏதோ ஒரு வளையம். இன்னொரு பக்கம் மாலையோடு அவருடைய வளையம். அவருடைய வளையத்தைப் பார்த்தே நடந்தார். சந்தோல் ஆட்டக்காரர்கள் விலகி வழி விட்டார்கள், ஒருவன் குனிந்துகூட வழி விட்டான். வாளித் தண்ணீர் வீச்சு. பந்து சுற்றியது. விழுந்தது.

எதிரணிக்கு இரண்டு புள்ளி.

ஊர் அப்படியே உறைந்தது. புள்ளிப் பலகையில் எண் மாற்றுகிறவனின் கை இரண்டு பெயர்களுக்கும் நடுவே நின்றது. கவர்னர் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி காத்திருந்தார். கைதட்டல் வரவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கண் மெல்லச் சுருங்கத் தொடங்கியது. மீன்சந்தையில் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து பார்த்த அதே கண். அந்தக் கண் வரிசை வரிசையாக நகர்ந்து வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றது.

மெல்சோர் கைதட்டினான்.

அவன் முடிவு செய்து தட்டவில்லை. கைகள் பயந்துபோய்த் தாமாகவே தட்டின. அடுத்து மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கைதட்டல் வந்தது, மரிவிக். அதன் பிறகு கூரை மறுபடி அதிர்ந்தது. புள்ளிக்காரன் தலிபோங் பக்கம் எண்ணை ஏற்றினான்.

அதன் பிறகு சந்தோல் பயிற்சியாளர் தன் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான் என்று கேள்வி. பந்து கிடைத்தால் அந்தப் பெரியவர்கிட்ட கொடுங்க. அவர்களும் மரியாதையாகக் கொடுத்தார்கள். கவர்னர் போட்டுக்கொண்டே இருந்தார். போட்டியை நடத்திய அமைப்பு தன் கணக்கில் சந்தோல் வென்றது என்று அறிவித்தது. மாளிகை தன் கணக்கில் தலிபோங் வென்றது என்று அறிவித்தது. அட்டர்னி வெளியிட்ட அறிக்கையில், ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்காகவும் அதிகப் புள்ளி எடுத்த ஒரே ஆட்டக்காரர் நம் அப்பா என்றும், இதில் யார் தோற்றார்கள் என்று கேட்பவர்கள் மாகாண ஒற்றுமைக்கு எதிரானவர்கள் என்றும் இருந்தது.

திங்கட்கிழமை காலை கவர்னர் மெல்சோரைக் கூப்பிட்டார். மரிவிக் துணிப்பை ஒன்றைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள், தீவுக்கு என்று. அவன் அறைக்குள் போய்க் கைகட்டி நின்றான்.

“நீதானே முதல்ல கைதட்டினவன்?”

“ஆமாப்பா.”

“மத்தவங்க எல்லாம் யோசிச்சாங்க. நீ யோசிக்கல. எனக்கு யோசிக்காதவன்தான் வேணும்.”

மெல்சோர் நிரந்தர ஊழியன் ஆனான். பதவி, மாகாண வளையக் காப்பாளர். கண்ணீர் வந்தது, கவர்னர் கையை முத்தமிட்டான், கதவுவரை பின்பக்கமாகவே நடந்து போனான். கதவைத் திறக்கத் திரும்பியபோது பின்னாலிருந்து கவர்னர் குரல் வந்தது.

“சனிக்கிழமை சந்தோலுக்குப் போறோம், அவங்க அரங்கத்துல ஆட்டம். முதல் அஞ்சு பேர்ல நான் இருக்கேன். நாடு முழுக்க டிவியில வருதாம். ரிங்கெல்லாம் நீயே பார்த்துக்கோ மகனே.”

சந்தோல் அரங்கத்தில் வளையம் சாதாரண வளையம். போலீஸ் அவர்களுடையது. நடுவரின் தம்பி எந்த மாளிகையிலும் வேலை பார்க்கவில்லை. மரிவிக்குக்கு டாக்டர் சொன்ன நாளும் அந்த வாரக் கடைசிதான்.

வீட்டுக்கு வந்து, வாசலில் கட்டி வைத்த பையைப் பார்த்தான். அவிழ்க்கத் தோன்றவில்லை. கடைசியில் மரிவிக்கே சொன்னாள், தீவுக்கே மாற்றல் கேட்டுவிடு, அங்கே மருத்துவச்சி இல்லாவிட்டால் என் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவள் ஆடு மாட்டுக்கெல்லாம் பார்த்தவள். மெல்சோருக்கு மூச்சு வந்தது. பெர்தித்தோ அண்ணனுக்குப் போன் போட்டான்.

பெர்தித்தோ குரலில் ஒரு கவலை இல்லை. மீன் சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு போட்டுவிட்டதாம். மதியம் நன்றாகத் தூங்குகிறாராம்.

“வாடா தம்பி, வந்துடு. இங்க ஒருத்தரும் எதையும் திறந்து வைக்கிறதில்ல. அதுவே சொர்க்கம்டா.” பிறகு போனோடு அவர் படியிறங்குகிற சத்தம் கேட்டது. “இரு, படகு வருது. இன்னைக்கு எதுக்கு வருது? அட, எஞ்சினியர் தபோரா மாதிரி இருக்கு. கூட ஆளுங்க ஏதோ இரும்பைத் தூக்கிட்டு இறங்கறாங்க. வட்டமா, பெருசா, அண்டா வாயாட்டம், கூடவே ‘திறப்பு விழா’ன்னு அப்பா முகம் போட்ட ப்ளெக்ஸு… டேய் மெல்சோர், இது என்னடா?”

மெல்சோர் போனைக் காதோடு வைத்தபடியே வாசலைப் பார்க்கிறான். மரிவிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பையின் முடிச்சில் கை வைத்தபடி நிற்கிறாள், அவிழ்ப்பதா இறுக்குவதா என்று கேட்கிறாள். சனிக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. சந்தோல் போய் ராட்சச வளையத்தை யாருக்கும் தெரியாமல் மாட்டப் பார்ப்பதா, தீவுக்குப் போய் அங்கே அடுத்த முதல் பந்துக்குக் காத்திருப்பதா, இல்லை கவர்னர் முகத்தைப் பார்த்து ‘அப்பா, அது வளையம் இல்லை, அண்டா’ என்று சொல்லிவிடுவதா? அவன் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்?